லட்சியமும் தவணையும்: கேமரன் மலைத் தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

வாழ்க்கையில் உயர வேண்டும் என்று விரும்பாதார் எவருமில்லை. ஆயினும் அந்த விருப்பத்துக்கு இன்ன அளவு என்று வரையறுத்து, இன்ன தேதிக்குள் என்று கெடு வைத்து, அந்தக் கெடுவுக்குத் தம்மை ஒப்புக்கொடுத்து உழைப்பவர்கள் மிகச் சிலரே. இந்தச் சிலருக்கும் ஏனையோருக்கும் உள்ள வேற்றுமை அறிவினால் வந்ததா, ஊக்கத்தினால் வந்ததா, வாய்த்த வசதிகளால் வந்ததா என்ற கேள்வியை மனோதத்துவ அறிஞர்கள் அறுபது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் கண்ட முடிவுகளைத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து வாழ்ந்திருக்கும் ஓர் இடத்தின் அனுபவத்தோடு ஒப்புநோக்கி, எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த இடம், மலேசியாவில் பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்னும் சிற்றூர்களைச் சுற்றிப் பரந்து கிடக்கும் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள். அளவுக்கும் காலத்துக்கும் அங்கே உள்ள ஆட்சியை வேறெந்தத் தொழிலிலும் காண்பது அரிது.

ஒரு முதலாளியின் சங்கல்பம்

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இம்மலைப் பிரதேசத்தைக் கண்டறிந்தார். ஆனால் அதன்பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள், 1925இல் சர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் என்ற பிரிட்டிஷ் அதிகாரி வந்து பார்த்து அதை அபிவிருத்தி செய்யத் தீர்மானிக்கும் வரையில், அது பெயரளவில் மட்டுமே அறியப்பட்ட காடாக இருந்தது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர், இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழுத்த அனுபவம் பெற்ற மில்ன் என்பவரைத் துணையாகக் கொண்டு, இங்கே ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். உலக வர்த்தகமே நிலைகுலைந்து, ரப்பரின் விலை பாதாளத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. இருக்கின்ற தோட்டங்களைக் காப்பாற்றுவதே பெரும்பாடாயிருந்த அந்த வேளையில், பாதையும் சரிவர இல்லாத ஒரு மலைக்காட்டை அழித்துப் புதிய பயிர் ஒன்றை ஏற்றுவது என்ற முடிவைத் துணிச்சல் என்று சிலரும் மதியீனம் என்று சிலரும் கருதியிருந்தால் அதில் வியப்பில்லை.

தேயிலையின் இயல்பை அறிந்தவர்களுக்கு அந்தத் துணிச்சலின் முழு அளவும் விளங்கும். நாற்றுமேடையில் ஏறக்குறைய ஓராண்டு, மலைச்சரிவில் நட்டபின் இன்னும் மூன்றாண்டு என்று காத்திருந்தாலொழியச் செடி கொழுந்து தராது. அத்தனை காலமும் களை எடுக்க வேண்டும். மண் அரிக்காமல் காக்க வேண்டும். செடியை உயரவிடாமல் மட்டமாக வெட்டிப் பரப்ப வேண்டும். இத்தனைக்கும் வருமானம் ஒரு காசில்லை. ஆகவே தேயிலை போடுகிறவன் தன் லட்சியத்தின் தேதியைத் தன் இஷ்டப்படி குறிக்க முடியாது. செடி கேட்கும் காலத்தைக் கொடுத்துவிட்டு, அந்தக் காலத்துக்குள் இந்த மழைக்கு முன் இத்தனை ஏக்கர் வெட்டுவது, அடுத்த மழைக்குள் இத்தனை நாற்று நடுவது என்று சிறு சிறு கெடுக்களை வைத்துக்கொள்வது மட்டுமே அவன் கையில் உள்ளது. ரஸ்ஸல் 1933இலேயே காலமானார். அவர் தொடங்கிய காரியமோ அவருக்குப் பின்னும் வளர்ந்து, இன்று ஏறத்தாழ 1,200 ஹெக்டேர் பரப்பும் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் கிலோ தேயிலையும் உள்ள, மலேசியாவின் மிகப் பெரிய தேயிலை நிறுவனமாக நிலைபெற்றிருக்கிறது.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது இன்னொரு பாதியையும் சொல்வது நியாயம். அந்தக் காட்டை வெட்டி, அந்தச் சரிவில் கால் ஊன்றி நாற்று நட்டவர்களில் மிகப் பலர் தமிழர்கள். ஆள் திரட்டும் கங்காணிகள் வழியே கடல் கடந்து வந்த அவர்களுக்கு லயம் என்னும் வரிசைக் குடியிருப்பில் ஒரு வீடும் நாட்கூலியும் கிடைத்தன. பெரிய லட்சியம் முதலாளியுடையது. அதை எட்டுவதற்கான அன்றாடக் கெடு முழுவதும் தொழிலாளியின் முதுகில் ஏறியது.

நிறுவையும் நேரமும்

தோட்டத்து நாள் பெரட்டில் தொடங்குகிறது. பொழுது முழுவதும் விடியுமுன் ஆட்கள் கூடுவார்கள். யாருக்கு எந்த மலை, எந்த நிரை என்று மண்டோர் எனப்படும் மேற்பார்வையாளர் பிரித்துக் கொடுப்பார். ஒரு நிரையில் ஒருமுறை பறித்தபின், துளிர் மீண்டும் பருவத்துக்கு வரும் தினத்தில் அதே நிரைக்குத் திரும்ப வேண்டும். பிந்தினால் இலை முற்றிப்போகும். முந்தினால் எடை இராது. பறித்த கொழுந்து அன்றைக்கே ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். சாக்கில் அழுந்திக் கிடந்தால் சூடேறிக் கெட்டுவிடும். ஆலையில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் உலர்த்தி வாட்டி, பின் அரைத்து, புளிக்க வைத்து, சூட்டில் காய வைத்து முடித்தால், ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும்.

நிறுவை நடக்கும் இடத்தைச் சற்று அருகே நின்று பார்ப்போம். கொக்கியில் சாக்கு மாட்டப்படுகிறது. முள் ஆடி நிற்கிறது. மண்டோர் ஓர் எண்ணைச் சொல்கிறார். சாக்கின் எடையும், மழை நாளாயிருந்தால் ஈரத்தின் எடையும் கழிக்கப்பட்டு, மிச்சம் பேரேட்டில் ஏறுகிறது. காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் அந்த ஒற்றை எண்ணில் அடங்கிவிடுகிறது. பறித்தவர் அந்த எண்ணை மறப்பதில்லை. நேற்றைய எண்ணையும் பக்கத்து நிரைக்காரியின் எண்ணையும் மறப்பதில்லை. கைப்பறிப்பின் இடத்தில் கத்தரியும், சரிவு இடங்கொடுக்கும் பகுதிகளில் இருவர் சேர்ந்து பிடிக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. லயங்களில் இன்று தமிழரை விட வங்காள தேசத்தவரும் நேப்பாளிகளும் இந்தோனேசியரும் மிகுந்துவிட்டனர். ஆயினும் எண்ணின் ஆட்சி குறையவில்லை.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. குறித்த அளவைக் குறித்த நேரத்துக்குள் முடிக்கும் பயிற்சி தோட்டத்துத் தமிழனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதன்று. மூன்று நான்கு தலைமுறைகளாக அவன் அதிலேயே ஊறியவன். அவனுக்கு இல்லாதிருந்தது தனக்கென்று தானே வைத்துக்கொண்ட ஓர் இலக்கு.

ஆராய்ச்சி கூறுவது

1968இல் அமெரிக்க மனோதத்துவ அறிஞர் எட்வின் லாக், இலக்கு நிர்ணயத்தைப் பற்றிய தமது சித்தாந்தத்தை வெளியிட்டார். ‘இயன்ற வரையில் செய்’ என்று சொல்லப்பட்டவர்களை விட, எட்டுவதற்கு அரிதான, ஆனால் திட்டவட்டமான அளவு ஒன்று கொடுக்கப்பட்டவர்கள் மிகுதியாகச் சாதிக்கிறார்கள் என்பது அதன் சாரம். அவரும் அவருடைய சக ஆராய்ச்சியாளர் கேரி லேத்தமும் பின்னர் நூற்றுக்கணக்கான சோதனைகளின் முடிவுகளைத் திரட்டி அதை உறுதிப்படுத்தினர். அவற்றுள் நம் நிறுவைக் கொக்கிக்கு நெருங்கிய உறவுடைய ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒக்லஹோமா மாநிலத்தில் மரம் ஏற்றும் லாரிகள், சட்டம் அனுமதிக்கும் எடையில் ஏறக்குறைய 60 சதவிகிதம் மட்டுமே ஏற்றி வந்தன. ‘இயன்றவரை நிறைய ஏற்றுங்கள்’ என்ற புத்திமதி பயன்படவில்லை. 94 சதவிகிதம் என்று ஓர் எண்ணைக் குறித்துக் கொடுத்து, ஒவ்வொரு லாரியின் எடையையும் அவ்வப்போது தெரிவித்த பின்னர், கூலியில் ஒரு காசும் கூட்டாமலேயே, ஏற்றும் எடை 90 சதவிகிதத்தைத் தாண்டி அங்கேயே நிலைத்தது. லேத்தமும் பால்டெஸும் 1975இல் இதை வெளியிட்டார்கள்.

ஆனால் எண் மட்டும் போதாது என்பதை மனோதத்துவ அறிஞர்கள் ஆல்பர்ட் பண்டூராவும் டேல் ஷங்கும் 1981இல் காட்டினார்கள். கணக்கில் பின்தங்கிய சிறு பிள்ளைகள் சிலருக்கு 42 பக்கக் கழித்தல் கணக்குகள் கொடுக்கப்பட்டன. செய்து முடிக்க ஏழு அமர்வுகள். ஒரு குழுவினரிடம் ‘ஏழு அமர்வுகளில் 42 பக்கத்தையும் முடிக்க வேண்டும்’ என்று சொல்லப்பட்டது. மற்றொரு குழுவினரிடம் ‘அமர்வுக்கு 6 பக்கம்’ என்று சொல்லப்பட்டது. இரண்டும் ஒரே அளவு வேலைதான். ஆயினும் ஆறு ஆறு பக்கமாகச் சென்ற பிள்ளைகளே வேகத்திலும், கணக்குத் திறமையிலும், எல்லாவற்றுக்கும் மேலாக ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கையிலும் தெளிவாக முந்தி நின்றார்கள். தூரத்துக் கெடு கண்ணை மயக்குகிறது; கிட்டத்துக் கெடு கையை வேலை செய்ய வைக்கிறது.

நம் கெடுக்களை நாம் எவ்வளவு தவறாகக் கணிக்கிறோம் என்பதற்கும் சான்று உண்டு. 1994இல் ரோஜர் பூலரும் அவருடைய சகாக்களும், பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். மாணவர்கள் சராசரியாகச் சொன்னது 34 நாள். எல்லாம் கெட்டுப்போனாலும் முடிந்துவிடும் என்று சொன்னது 49 நாள். உண்மையில் பிடித்தது 55 நாளுக்கு மேல். ஆகவே கெடுவைக் குறிக்கும்போது, நம் உற்சாகம் சொல்வதை விட்டு, முன்னே இதே காரியத்தைச் செய்தவர்களுக்கு எத்தனை நாள் பிடித்தது என்று விசாரித்துக் குறிப்பதே விவேகம்.

பத்து வெள்ளியின் வரலாறு

இனி, இந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் முன்னோடியாக நம்மவர்கள் செய்துகாட்டிய ஒரு காரியத்துக்கு வருவோம். மலாயா சுதந்திரம் பெற்ற 1957ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிரிட்டிஷ் முதலாளிகள் தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்படத் தலைப்பட்டார்கள். வாங்கியவர்களிற் பலர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். ஒவ்வொரு துண்டாடலிலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வேலையையும், வேலையோடு ஒட்டியிருந்த லயத்து வீட்டையும், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளியையும் ஒருங்கே இழந்தன. பேராசிரியர் உங்கு அஜீஸ் இத்துண்டாடலை ஆராய்ந்து விரிவான அறிக்கை ஒன்றே எழுதும் அளவுக்கு அது தேசியப் பிரச்சினையாக வளர்ந்தது.

அப்போது மந்திரியாகவும் மலாயா இந்தியர் காங்கிரஸின் தலைவராகவும் இருந்த துன் வீ. தி. சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தோட்டங்களைத் தோட்டத் தொழிலாளர்களே வாங்க வேண்டும் என்பது அதன் குறிக்கோள். நாட்கூலி சில வெள்ளிகளாக (வெள்ளி என்பது அந்நாட்டு நாணயம்) இருந்த மக்களிடம் சென்று, வெள்ளைக்கார முதலாளியின் ஆயிரக்கணக்கான ஏக்கரை நீங்கள் வாங்குங்கள் என்று சொல்வதை விடப் பெரிய லட்சியத்தை நினைப்பது கடினம். அதைச் சாத்தியமாக்கியது பேச்சு வன்மை மட்டுமன்று, தவணை ஏற்பாடு. ஒரு பங்கு நூறு வெள்ளி. அதை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். சம்பந்தனும் அவருடைய துணைவியார் உமாசுந்தரியும் தோட்டம் தோட்டமாகச் சென்று, இதை விளக்கி அங்கத்தினர் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே, 1961இல், கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. பின்னர் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் அதன் வசம் வந்தன. 1979இல் சம்பந்தன் மறைந்தபோது அது நாட்டின் பெரிய கூட்டுறவு ஸ்தாபனங்களுள் ஒன்றாக வளர்ந்திருந்தது.

தனித்தனித் தொழிலாளிக்குத் தனித்தனி நிலம் இதனால் கிடைத்துவிடவில்லை. கிடைத்தது கூட்டு உரிமையும், துண்டாடலிலிருந்து பாதுகாப்பும். ஆயினும் முறையைக் கவனியுங்கள். தோட்டம் வாங்குவது என்ற எட்டாத உயரம், நூறு வெள்ளிப் பங்கு என்ற எட்டக்கூடிய படியாயிற்று. அந்தப் படியும் மாதம் பத்து வெள்ளி என்ற அன்றாட அளவுக்கு இறங்கிற்று. பண்டூராவும் ஷங்கும் 42 பக்கத்தை ஆறு ஆறாகப் பிரித்துக் கண்ட உண்மையை, அதற்கு இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன்னமே, ரப்பர் மரத்தடியில் நின்ற மக்கள் தங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்டி நிரூபித்துவிட்டார்கள். பெரட்டும் நிறுவையும் பழக்கிய அந்தக் கட்டுப்பாடு, முதன்முறையாகத் தமக்கே உரிய ஓர் இலக்குக்குப் பயன்பட்டது என்பதுதான் இதன் விசேஷம்.

வீடும் படிப்பும்

தேயிலைத் தோட்டங்களிலும், பொதுவாக எல்லாத் தோட்டங்களிலும், ஒரு குடும்பத்துக்கு இரண்டு பெரிய கெடுக்கள் எப்போதும் உண்டு. முதலாவது வீடு. லயம் வேலையோடு வருவது. வேலை முடிந்தால் வீடும் முடியும். மலேசியாவில் 2013 முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஆகவே நாற்பது வயதுத் தொழிலாளி ஒருவருக்குச் சொந்த வீட்டுக்கான கெடு இருபது ஆண்டு என்பது, அவர் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும், ஏற்கெனவே குறிக்கப்பட்டுவிட்டது. ஊழியர் சேமநிதியிலிருந்து வீடு வாங்குவதற்கென்று ஒரு பகுதியை எடுக்க விதிகள் இடம் தருகின்றன. அதற்கு மேல் ஆண்டுதோறும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற கணக்கை அறுபதில் போடுவதை விட நாற்பதில் போடுவது நலம்.

இரண்டாவது பிள்ளைகளின் படிப்பு. ஆறாண்டுத் தமிழ்ப் பள்ளி, அதன்பின் பலருக்கு ஓராண்டுப் புகுமுக வகுப்பு, மலாய் மொழி வழியே ஐந்தாண்டு இடைநிலைப் பள்ளி, முடிவில் எஸ்.பி.எம். என்னும் பள்ளியிறுதிப் பரீட்சை, இதுவே பிள்ளை நடக்கும் பாதை. அதில் வழுக்கும் இடம் எது என்று கேட்டால், தமிழ்ப் பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் முதல் ஆண்டு என்பதைத் தோட்டத்து ஆசிரியர் எவரும் தயங்காமல் சொல்வார். ‘என் மகள் டாக்டராக வேண்டும்’ என்பது போற்றத்தக்க லட்சியமே. ஆனால் ‘ஆறாம் வகுப்பு முடியுமுன் மலாய்க் கட்டுரையொன்றைத் துணையின்றி எழுத வேண்டும்’ என்பதே அவளை அந்த லட்சியத்தை நோக்கி அழைத்துச் செல்லும் கெடு. 1982இல் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் இந்தப் பாதையைத்தான் பிடித்தது. பல்கலைக்கழகம் என்ற இலக்கை மாணவர்கள் முன் நிறுத்தி, அதற்கு வேண்டிய படிப்பை வாரந்தோறும் நடக்கும் வகுப்புகளாகப் பகுத்து, நாடெங்கும் இந்திய மாணவர்களுக்குக் கொடுத்து வந்திருக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள்

இலக்கு நிர்ணயத்தை வானளாவப் புகழ்வோர் மறந்துவிடும் செய்திகள் இரண்டு. நிறுவையில் எண் கூட வேண்டும் என்று மட்டும் துரத்தினால், பறிக்கிறவர் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் என்ற வரம்பை மீறி முற்றிய இலையையும் சேர்த்து அள்ளுவார். சாக்கு கனக்கும், தேயிலையின் குணம் கெடும். 2009இல் லீசா ஆர்டோனியெஸும் வேறு மூவரும் எழுதிய கட்டுரை இதையே பல நிறுவனங்களின் அனுபவத்திலிருந்து விளக்குகிறது: அளவு ஒன்றையே நோக்கும் இலக்கு, தரத்தையும் நேர்மையையும் பிறர் நலத்தையும் கண்ணுக்கு மறைத்துவிடும். கேமரன் மலையிலேயே இதன் கொடிய வடிவத்தைக் கண்டோம். காய்கறிப் பயிருக்காக மேலும் மேலும் வெட்டி வெளியாக்கப்பட்ட சரிவுகளின் மண், ரிங்லெட் நீர்த்தேக்கத்தை ஆண்டுக்கணக்காக நிரப்பி அதன் கொள்ளளவைக் குறைத்துவிட்டது. 2013 அக்டோபரில் பெருமழையில் அணை நீரைத் திறக்க நேர்ந்தபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களும் வீடுகளும் பலியாயின. ஒருவருடைய விளைச்சல் இலக்கு மற்றவருடைய வீட்டு வாசலில் சேறாக வந்து நின்றது.

மற்றொன்று, சாமர்த்தியமும் சாதனமும் இல்லாத இடத்தில் உயர்ந்த இலக்கு ஊக்கம் தராது, மனச்சோர்வையே தரும் என்பது. லாக்கும் லேத்தமும் தங்கள் சித்தாந்தத்துக்கு இந்த வரம்பைத் தாங்களே விதித்திருக்கிறார்கள். மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஏற்பாடே 2013இல்தான், தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி என்று, நடைமுறைக்கு வந்தது. 2025இல் அது 1,700 வெள்ளியாயிற்று. அந்த ஏற்பாடு வருமுன் கழிந்த தலைமுறைகளைப் பார்த்து ‘நீங்கள் ஏன் இலக்கு வைக்கவில்லை?’ என்று கேட்பது அநியாயம். தொழிற்சங்கமும் கூட்டுறவும் சட்டமும் தரையைச் சற்று உயர்த்திக் கொடுத்த பின்னரே தனிமனித சங்கல்பத்துக்குக் கால் ஊன்ற இடம் கிடைக்கிறது. சம்பந்தன் தொழிலாளியின் லட்சியத்தை மட்டும் உயர்த்தவில்லை. அதை எட்டுவதற்கான ஸ்தாபனத்தையும் அவன் கையில் கொடுத்தார். அதனால்தான் அந்தக் காரியம் நின்றது.

முடிவு

இதுவரை கண்டவற்றிலிருந்து பெறப்படும் கருத்து ஒன்றே. உயர்ந்த லட்சியம் வெற்றி பெறுவது, அது தன்னுடையதாக இருக்கும்போதும், தவணைகளாகப் பிரிக்கப்படும்போதும், அந்தத் தவணையைக் கணக்குக் கேட்க ஒருவர் இருக்கும்போதும்தான். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், கெடு வெறும் தேதியாகிவிடும்.

இதைப் படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் லட்சியத்தைத் தயங்காமல் பெரிதாகவே வையுங்கள். சிறிய லட்சியம் வைத்த காரணத்தால் எவரும் பாதுகாப்பாக வாழ்ந்துவிடவில்லை. ஆனால் அதற்குரிய கடைசித் தேதியை எழுதிய அதே தாளில், இந்த மாத முடிவுக்குள் நீங்கள் செலுத்த வேண்டிய தவணை என்ன என்பதையும் எழுதுங்கள். அது பத்து வெள்ளியாகவும் இருக்கலாம், பத்துப் பக்கமாகவும் இருக்கலாம். எழுதியதை, மாத முடிவில் உங்களைக் கூச்சமின்றிக் கேட்கக்கூடிய ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். அந்த முதல் தவணையைக் கட்டிவிட்டவருக்கு இரண்டாவது தவணை அத்தனை கடினமாக இராது.